வார்மர் எரியட்டும்

அதை அணைக்காதீங்க சார். சுவிட்ச்லருந்து கைய எடுங்க, உங்களுக்குப் புண்ணியமாப் போகும். அது பேரு வார்மர். பிறந்த பிள்ளைய அதுக்கடியில போட்டா சூடு குடுக்கும். ஆமா, காலிதான். எனக்கும் கண்ணு தெரியுது. காலியா இருந்தாலும் எரியட்டும்.

இந்தப் பிரசவ வார்டைப் பூட்டத்தானே வந்திருக்கீங்க, பூட்டுங்க. முதல்ல உக்காருங்க. அய்யோ, கட்டில்ல வேணாம், இன்னைக்குத்தான் விரிப்பு மாத்தினேன். யாருக்கா? வர்றவளுக்கு. நான் இங்க நர்ஸா சேர்ந்தப்ப கட்டில் பத்தாம தரையில விரிச்சுப் பிரசவம் பார்த்திருக்கோம் சார். ஒரு பிள்ளை அழுது முடிக்கறதுக்குள்ள அடுத்தது ஆரம்பிக்கும். வாட்ச்மேன் காதுல பஞ்சு வச்சுக்கிட்டுத் தூங்குவாரு. இப்ப அவரு குறட்டைதான் வார்டு முழுக்கக் கேக்குது.

பிரசவம் கொறைஞ்சு போச்சு, அதனால மூடுறோம்ங்கறீங்க. சரி. அப்ப வாசல்ல அந்த போஸ்டர் எதுக்கு? பொக்கை வாயோட ஒரு பிள்ளை சிரிக்குது, பெத்துக்கோங்க, அரசாங்கம் கூட இருக்குன்னு. அதை ஒட்டினதும் உங்க ஆபீஸ்தான், இந்தப் பூட்டைக் குடுத்தனுப்பினதும் உங்க ஆபீஸ்தான். எங்க வச்சுப் பெத்துக்கறது, அந்த போஸ்டர்லயா?

வேனா? பெரிய ஆஸ்பத்திரிக்கு வேன் விடுவீங்க, தெரியும். ரோடு எவ்வளவு தூரம்னு டிரைவருக்குத் தெரியும் சார். வயித்துல இருக்கறதுக்குத் தெரியுமா?

கோவிச்சுக்காதீங்க. வயித்தெரிச்சல்ல பேசறேன். என் பொண்ணு இருக்கற ஊர்லயும் இப்படித்தான் ஒரு வார்டு இருந்துச்சு. மூணு வருஷம் முன்னாடி பூட்டிட்டாங்க. வலி வந்ததும் மாப்பிள்ளை அவளைக் கார்ல ஏத்திக்கிட்டு நேரா என்கிட்ட கிளம்பிட்டாரு. பாலத்துகிட்ட வரும்போதே பிறந்துடுச்சு. குளிர்னா அப்படி ஒரு குளிர். பாவம், போட்டிருந்த சட்டையக் கழட்டிச் சுத்தியிருந்தாரு. நான் கையில வாங்கறேன், பிள்ளை சில்லுன்னு இருக்கு. ஓடி வந்து இந்த வார்மர் சுவிட்சைப் போட்டேன். கரண்ட் வீணாப் போகுதுன்னு உங்க ஆபீஸ்லருந்து சொல்லி அணைச்சு வச்சிருந்த நேரம் சார் அது. இது சூடேற வரைக்கும் என் நெஞ்சோட அணைச்சுக்கிட்டு நின்னேன். சூடேறிடுச்சு. பிள்ளைதான் இல்ல.

பேத்தி. மூக்கு அப்படியே அவ அம்மா மாதிரி.

அதுலருந்து நான் இதை அணைக்கறதில்ல. பைத்தியம்னு எழுதிக்கிட்டுப் போங்க, பரவாயில்ல.

ஏன் தம்பி எந்திரிச்சிட்டீங்க? பூட்டுங்க, உங்க வேலை அது, நான் தடுக்கல. சாவிய மட்டும் என்கிட்ட குடுத்துட்டுப் போங்க. கால்ல வேணா விழறேன். வெளிய போறப்ப கொஞ்சம் பார்த்துப் போங்க, பெஞ்சுல ஒருத்தி காலை நீட்டி உக்காந்திருப்பா, நிறைமாசம். நீங்க வரும்போது கதவைத் தொறந்துவிட்டாளே, அவதான் என் பொண்ணு. காலைலருந்து இடுப்பு வலிக்குதுங்கறா.