மீனுக்கு மூச்சு

கும்பகோணத்திலிருந்து வலங்கைமான் போகும் டவுன் பஸ்ஸில், என் முன் சீட்டில் இரண்டு பெண்கள் பேசிக்கொண்டு வந்தார்கள்.

"நேத்து மூணு மணி நேரம் மீனுக்கு டம்ளரால மூச்சு குடுத்தேன்க்கா" என்றார் இளையவர்.

"மீனுக்கா?"

"ஆமாக்கா. தொட்டித் தண்ணி கலங்கிக் கெடக்குதேன்னு போன வாரம் மொத்தத்தையும் மாத்திட்டேன். குழாய்த் தண்ணிய அப்படியே ஊத்துனது என் தப்பு. அதுல மருந்து கலந்திருக்குல்ல? ரெண்டு மீன் செத்துப்போச்சு. மிச்சம் ஒண்ணு ஒருக்களிச்சுக் கெடந்துச்சு. அப்புறம் தண்ணிய ஒரு நாள் வாளியில வச்சிருந்து, தினம் கொஞ்சம் கொஞ்சமா மாத்துனேன். தேறி வர்றப்ப, நேத்து மத்தியானம் கரண்ட் போயிடுச்சு. காத்து மோட்டார் நின்னுபோச்சு."

"அதுக்கு டம்ளர் எதுக்கு?"

"தண்ணிய மொண்டு மொண்டு உசரத்துலேருந்து ஊத்துனா காத்து கலக்கும்ல?"

"மூணு மணி நேரமா! கை வலிக்கலையா?"

"வலிச்சுது. நிறுத்துனா அது மேல வந்து வாயத் தொறக்குதே, எப்படிக்கா நிறுத்துறது? இன்னிக்குக் காலையில நிமிந்து நீந்துச்சு. இரை போட்டேன், தின்னுச்சு."

மூத்தவர் இளையவரின் வலது கையை எடுத்துத் தன் மடியில் வைத்து, இறங்கும்வரை பிடித்துவிட்டுக்கொண்டே வந்தார்.