அமோனியா பாட்டில்

தாம்பரத்தில் மூன்றாம் வகுப்புப் பெட்டியில் ஏறி, எனக்கு எதிரே இரண்டு கல்லூரி ஆசிரியர்கள் உட்கார்ந்தார்கள். வண்டி நகர்ந்ததும் கண்ணாடி போட்டவர் சொன்னார்:

"அநேகமா எல்லாருக்கும் சிவப்பு வந்திருக்கு சார். அதான் சந்தேகமா இருக்கு."

"கெமிஸ்ட்ரி பிராக்டிகல்தானே? வந்தா நல்லதுதானே?" என்றார் மற்றவர். அவருக்கு அந்தப் பாடம் தெரியாது போலிருந்தது.

"கொடுத்த உப்பு எதுன்னு பசங்க கண்டுபிடிக்கணும். நிக்கல் உப்பை ஆசிட்ல கரைச்சு, நிறைய அமோனியா ஊத்தி, அப்புறம் அதுக்கான சோதனைத் திரவத்தை விட்டாத்தான் குங்குமம் மாதிரி படியும். இல்லேன்னா பச்சையாவே நிக்கும். பரீட்சை முடிஞ்சு அமோனியா பாட்டிலை மோந்து பார்த்தேன். வெறும் தண்ணி!"

"அப்போ சிவப்பு எப்படி வந்தது?"

"எங்க வந்தது? அட்டெண்டர் வாசல்லயே உப்போட பேரைச் சொல்லியிருப்பான். அப்படியே எழுதிட்டாங்க."

"ஒருத்தர்கூடவா உள்ளதை எழுதலை?"

"ஒரு பொண்ணு வரலைன்னு எழுதியிருந்தா. பாட்டிலைக் கொஞ்சம் பாருங்க சார்னு மூணு தடவை வந்து கேட்டா."

"நீங்க என்ன பண்ணீங்க?"



"செய்யத் தெரியலைன்னு திட்டி, ஃபெயில் போட்டேன். மார்க் கவருக்கு அரக்கு வச்சப்புறம்தான் சார் பாட்டிலை மோந்தேன்."