நாயில்லாத வீட்டுக்குக் கழுத்துப்பட்டை

தெப்ராவில் வளர்ப்புப் பிராணிகளுக்கான கடை ஒன்றில், பணம் கட்டும் வரிசையில் பூனைத் தீனியோடு நின்றிருந்தேன். எனக்கு முன்னால் தொழிற்சாலைச் சீருடையில் இரண்டு பெண்கள். மூத்தவள் கையில் நாய்க்கான கழுத்துப்பட்டை ஒன்று. சுற்றி யாருக்கும் தமிழ் தெரியாது என்று நினைத்தார்கள் போல.

"உங்க வீட்டுல நாயே இல்லையேக்கா. பட்டை எதுக்கு?" என்றாள் இளையவள்.

"அவருக்குத்தான்."

இளையவள் பட்டையைத் திரும்பிப் பார்த்தாள். மூத்தவளே சொன்னாள்.

"வேலையில நாள் முழுக்க அத்தன பேர வெரட்டி வேல வாங்குறாரு. சனிக்கிழமை கொஞ்ச நேரம் இதப் போட்டுக்கிட்டு என் காலடியில படுத்துக்குவாரு. தலையத் தடவிக் கொடுப்பேன். எதையும் யோசிக்க வேணாம், அதான் நிம்மதிங்கிறாரு."

"உங்களுக்கு ஒரு மாதிரியா இல்லையா?"

"மொதல்ல இருந்துச்சு. ஆனா சம்மதமான்னு கேட்டுட்டுத்தான் ஆரம்பிச்சாரு. யாருக்குப் பிடிக்கலன்னாலும் 'லாபிஸ்'னு சொல்லணும். எங்கம்மா ஊரு, மறக்காதுல்ல. சொன்னா அதோட நிறுத்திடணும். ஒரு தடவ சொன்னேன். எழுந்து பட்டையக் கழட்டிட்டு, குடிக்கத் தண்ணி கொண்டாந்து கொடுத்தாரு."

வரிசை நகர்ந்தது. இளையவள் நகரவில்லை.

"சொன்னதும் நிறுத்திட்டாரா?"

"ஆமா லா."

"எங்க வீட்டுல நான் அழுதாக்கூட நிறுத்த மாட்டாருக்கா."