முதல் இருபது நிமிஷம்

…இல்லண்ணே, மெஷினை நிறுத்த வேணாம், ஓடட்டும். நான் சண்டை போட வரல. அதெல்லாம் எங்க வீட்டுக்காரரு, உங்க சிநேகிதரு, போன வாரமே வந்து போட்டுட்டுப் போயிட்டாரே. இதை எங்க வைக்கட்டும்? இந்தப் பலகை மேலயா? பாத்து, கனம். பஸ்ல துண்டுல சுத்தி மடியில வச்சுக்கிட்டு வந்தேன். பக்கத்து சீட்டு அம்மா, "கொழந்தை தூங்குதா"ன்னு துண்டை விலக்கிப் பாக்குது. "இல்லம்மா, கேம்ஷாப்ட்டு, கார் எஞ்சினுக்குள்ள இருக்கற தண்டு"ன்னேன். அப்ப ஜன்னல் பக்கம் திரும்புனவங்கதான், நான் எறங்குற வரைக்கும் இந்தப் பக்கம் பாக்கல.

அவருக்குத் தெரியாதுண்ணே நான் வந்தது. வேற பட்டறை இருக்கான்னு விசாரிக்கப் போயிருக்காரு. முப்பத்திரெண்டு வருஷமா உங்களைத் தவிர ஒருத்தர்கிட்ட ஒரு ஆணி குடுத்ததில்ல, இப்ப வேற பட்டறையாம்…

அந்த வண்டி வந்ததுலேருந்தே எங்க வீட்ல யாருக்கும் இடமில்லண்ணே. உங்களுக்குத் தெரியாததா. ஸ்கூல்ல கணக்கு வாத்தியாரா இருந்து ரிட்டயர் ஆனா, மத்தவங்க ஊரு சுத்திப் பாக்கப் போவாங்க. இவரு ஒரு பல் டாக்டர் வீட்டுக் கொட்டகையில கெடந்த அறுபது வருஷத்துப் பழைய காரைத் தேடிப்பிடிச்சுக் கொண்டாந்தாரு. அது கூரைக்குக் கீழ. என் ஸ்கூட்டர் மழையில. அதுக்குப் போர்த்தறதுக்கு மெத்துன்னு ஒரு போர்வை, நான் போர்த்துற போர்வையில ஒரு ஓரம் கிழிஞ்சே கெடக்கு. கேட்டா, "அதுக்கு வயசாயிடுச்சு"ங்கறாரு. எனக்கு மட்டும் வயசு கொறையுதாக்கும்?

இந்தத் தண்டு பதினோரு நாளா சாப்பாட்டு மேசை மேலதான் கெடந்துச்சு. தட்டு வைக்க இடமில்ல. ஒரு கையில சோறு, ஒரு கையில அளக்குற கருவி. "இந்த முட்டையைப் பாரு, மூக்கே காணோம்"ங்கறாரு. தண்டு மேல வரிசையா முட்டை முட்டையா இருக்குல்ல, அதுல மூணாவதும் ஆறாவதும் தேஞ்சு உருண்டையாயிடுச்சு. மூக்கு தள்ளுனாதான் வால்வு தெறக்கும், தெறந்தாதான் எஞ்சின் மூச்சு விடும், இது தள்ளவே மாட்டேங்குதுன்னு… எனக்கே பாடமாயிடுச்சுண்ணே. நாளைக்கு யாராவது பரீட்சை வச்சா நான் பாஸ் பண்ணிடுவேன்.

நீங்க சிரிக்கலாம். சிரிங்க. அன்னிக்கு இவரு வந்து கத்துனப்ப நீங்க சிரிச்சிருக்க மாட்டீங்க. நாலு வாடிக்கைக்காரங்க நிக்கறப்ப "நீ அரைச்சுக் குடுத்தது தேஞ்சுபோச்சு, தொழிலை மறந்துட்டியா"ன்னு கேட்டாராமே. வீட்டுக்கு வந்து அதைப் பெருமையா வேற சொன்னாரு. சொல்லிட்டு ஒரு வாய் சாப்பிடல.

ஞாயித்துக்கிழமை வழக்கம்போல செஸ் பலகையை விரிச்சாரு. உங்க நாற்காலி காலி. தானே இந்தப் பக்கம் ஒரு தடவை, எழுந்து போயி அந்தப் பக்கம் ஒரு தடவை ஆடுறாரு. கடைசியில தோத்துட்டாரு. அந்தப் பக்கத்து ஆளு கள்ளாட்டம் ஆடுனானாம். சொல்லிட்டு எழுந்து போயிட்டாரு. எனக்கு அதுல சிரிப்பே வரலண்ணே. அந்த நாற்காலியை உள்ள எடுத்து வைக்கப் போனேன், "அங்கயே இருக்கட்டும்"னுட்டாரு.

சரி, விஷயத்துக்கு வர்றேன். அவசரமா? இல்லையே, வாசல்ல யாருமில்லயே. உக்காருங்க.

நீங்க இதைப் புதுசாட்டம் அரைச்சுக் குடுத்தப்ப ஒரு சீட்டு எழுதிக் குடுத்தீங்கல்ல. அதை முந்தாநாள் எடுத்து வச்சுக்கிட்டுச் சத்தமா படிக்கிறாரு, உங்க மேல குத்தம் கண்டுபிடிக்க. "மொதத் தடவை ஸ்டார்ட் பண்ணா, நின்ன இடத்துலயே எஞ்சின் இருபது நிமிஷம் வேகமாவே ஓடணும். மெதுவா ஓட விட்டா எண்ணெய் மேல தெறிக்காது, முட்டை தேஞ்சிடும்." படிச்சுட்டு, "இருபது நிமிஷமும் ஓட்டுனேனே, வேற என்ன பண்ணணும்"ங்கறாரு. நான் தட்டு தொடைச்சுக்கிட்டிருந்தேன். கை அப்படியே நின்னுடுச்சு.

அவரு ஓட்டலண்ணே இருபது நிமிஷமும். அஞ்சாவது நிமிஷம் கட்டைவிரல்ல ஏதோ கிழிச்சு ரத்தம். "நீ கொஞ்சம் உக்காரு, ஆக்ஸிலேட்டர்லேருந்து காலை எடுத்துடாதே"ன்னுட்டு உள்ள போனாரு. சொந்த வீட்ல பஞ்சு எங்க இருக்குன்னு தெரியாம கால் மணி நேரம் தேடற மனுஷன். நான் உக்காந்தேன். மிதிச்சேன். என்ன சத்தம்ணே அது, காது கிழியுது. உக்காந்த உடனே எங்க அக்கா போன்ல கூப்பிட்டா. ரெண்டு மாசமா என்கூடப் பேசாம இருந்தவ. அவ பேசறது ஒண்ணுமே கேக்கல… காலை எடுத்துட்டேன். எஞ்சின் பூனை மாதிரி மெதுவா முனகிக்கிட்டு ஓடுச்சு. நல்லாத்தானே ஓடுதுன்னு நெனச்சேன். காதடைச்சுப் போயி உள்ள இருந்தவருக்கும் சத்தம் கொறைஞ்சது தெரியல. யாருக்குண்ணே தெரியும், மெதுவா ஓடறதுதான் அதுக்கு ஆகாதுன்னு. அவரு செருப்புச் சத்தம் கேட்டதும் மறுபடி மிதிச்சுட்டேன். "பரவாயில்லையே, சொன்னபடி மிதிச்சிருக்கே"ன்னு தோள்ல தட்டுனாரு.

அவ்வளவுதாண்ணே. உங்க கை மேல ஒரு குத்தமும் இல்ல.

நான் என்ன நெனச்சேன்னா… தண்டே மட்டமான இரும்புன்னு நீங்க அவருகிட்ட ஒரு வார்த்தை சொல்லிட்டீங்கன்னா, அவருக்கும் கோவம் போயிடும், எனக்கும்… என்னண்ணே, போனை எடுக்குறீங்க? வேணாம்ணே, நான் சாயங்காலம் நெதானமா… ரிங் போகுதா? என்கிட்ட ஏன் நீட்டுறீங்க?

அலோ. ஆமாங்க, நான்தான். ஆமா, அண்ணன் நம்பர்தான், வச்சுடாதீங்க. பட்டறையில இருக்கேன். மேசை மேல தேடாதீங்க, அது இங்க இருக்கு. இல்ல, அண்ணன் ஒண்ணும் சொல்லல, நான்தான் பேசிக்கிட்டிருந்தேன். கொஞ்சம் உக்காருங்க. உக்காந்துட்டீங்களா? அன்னிக்கு நீங்க வெரலுக்குக் கட்டுப் போட உள்ள போனீங்கல்ல… நான் காலை எடுத்துட்டேங்க. அக்கா கூப்பிட்டா. கால் மணி நேரம். ஆமா. முழுசா.

அண்ணன் கை மேல ஒரு குத்தமும் இல்லங்க.

சரி. சரிங்க.

இந்தாங்கண்ணே. என்கிட்ட வீட்ல பேசிக்கிறாராம். மொதல்ல உங்ககிட்டதான் பேசணுமாம்.