'ஆபத்து குறைவு' என்று சொன்னது யார்?

அவையை அன்போடும் அளவோடும் நடத்தும் தலைவர் தீனதயாளன் அவர்களே! பண்ணைத் தொழிலில் பழுத்த பெரியோர்களே! முட்டைகளை அடுக்கி லாரியில் ஏற்றிவிட்டு மூச்சிரைக்க வந்து அமர்ந்திருக்கும் தாய்மார்களே! வணக்கம்.

நம் கோழிப்பண்ணையாளர் சங்கத்தின் அறுநூறு உறுப்பினர்களுடைய ஆதார் எண், கைப்பேசி எண், வங்கி விவரம் அத்தனையையும் புதிய செயலியில் ஏற்றலாமா? இன்றைய தீர்மானம் அதுதான். தகவல் பாதுகாப்பைச் சோதித்தவர் நாற்பது பக்க அறிக்கை தந்தார். கடைசிப் பக்கத்தில் பச்சைக் கட்டம். கட்டத்துக்குள் 'ஆபத்து குறைவு'. அதன் கீழே, சங்கத்தின் சார்பில் படித்து ஏற்றதாக ஒரு கையெழுத்து. யாருடையது? என்னுடையது! கான்வென்டில் கற்ற ஆங்கிலம் ஆயிற்றே! பதினொரு எழுத்துப்பிழைகளைத் திருத்தினேன். கேள்வி ஒன்றுகூடக் கேட்கவில்லை.

கேட்டவர் நம் உறுப்பினர் மயில்சாமி. "ஏனுங்கம்மா, கொறைவுன்னு அவிங்களுக்கு எப்படித் தெரியுமுங்க?"

எனக்குச் சுருக்கென்றது. அவர் வாயை அடைக்கவே இரண்டாவது சோதனை கேட்டேன். சிரிக்காதீர்கள் மயில்சாமி, நான் இன்னும் முடிக்கவில்லை!

சூரமங்கலத்திலிருந்து தேவிப்ரியா சோதிக்க வந்தார். நம் மேலாளர் காளியண்ணன் தேநீரோடு முதல் அறிக்கையையும் நீட்டினார். "பாவம், அந்தப் புள்ள எதுக்குங்க சிரமப்படோணும்? இதப் பாத்து எழுதிக்கட்டுங்க."

விருந்தோம்பலில் நம்மை வெல்ல யாரால் முடியும்! நான் கேட்டேன்: "தோட்டத்தில் போர்வெல் போட, நிலத்தடி நீரோட்டம் பார்க்கும் இரண்டு பேரை அழைத்தீர்களே, முதலாமவர் வைத்த குறியை அடுத்தவருக்குக் காட்டினீர்களா?"

"அதெப்படிங்க காட்டறது? மண்ணத் தள்ளி மூடிட்டுத்தானுங்க அவரத் தோட்டத்துக்குள்ளயே உட்டேன்!"

உங்கள் தண்ணீருக்கு உள்ள மரியாதை எங்கள் ஆதார் எண்ணுக்கு இல்லையா? அறிக்கை அலமாரிக்குள் போயிற்று.

முதலில் சோதித்தவர் மேலாளர் அறையில் அமர்ந்து மேலாளரையே கேட்டுப் போனவர். தேவிப்ரியாவோ, கணினியில் வேலை செய்யும் தனப்பிரியாவின் அருகில் அரை நாள் அமர்ந்தார். கடவுச்சொல் யார் யாருக்குத் தெரியும் என்று கேட்டார்.

"எல்லாத்துக்கும் தெரியுமுங்க்கா. ஒருநாள் நான் மறந்துட்டேன், தீவன லாரி டிரைவரண்ணன்தான் சொன்னாரு."

கணினியில் உள்ள தகவல்களுக்கு நகல் எடுத்து வைக்கிறீர்களா?

"வாராவாரம் எடுக்கறமுங்க."

திறந்து பார்த்ததுண்டா?

"தெறக்கோணுமுங்களா?"

ஒரே சங்கம்! ஒரே கேள்வித்தாள்! ஒருவர் 'குறைவு' என்றார். ஒருவர் 'அதிகம்' என்றார். ஆள் மாறினால் விடை மாறும் என்றால், அது அளவா, அனுமானமா? அச்சமூட்டுகிறது என்பதற்காக இரண்டாவது அறிக்கையையும் அப்படியே நம்பாதீர்கள்! ஒவ்வொரு வரிக்கும் எதைப் பார்த்தார், யாரைக் கேட்டார் என்று அதில் எழுதியிருக்கிறது. அதனால்தான் அதைச் சரிபார்க்க முடிகிறது. நாற்பது பக்கத்தில் அது ஓரிடத்திலும் இல்லை. என் கையெழுத்தை இந்த மேடையிலேயே திரும்பப் பெறுகிறேன்.

கடவுச்சொல் மாறட்டும்! நகல் திறக்கட்டும்! இரண்டு அறிக்கைகளையும் பாராத மூன்றாமவர் வரட்டும்! அதுவரை தீர்மானம் காத்திருக்கட்டும்!

தலைவர் முணுமுணுக்கிறார்: "ரெண்டு மாசம் தள்ளிப் போயிருமுங்களேம்மா!"

போகட்டும் தலைவரே! செயலி இரண்டு மாதத்தில் வரும். வெளியே போன ஆதார் எண் எத்தனை மாதத்தில் திரும்பும்?

தள்ளிவைக்கச் சம்மதிப்போர் கை உயர்த்துங்கள். தாய்மார்களே, இன்னும் உயரமாக! மயில்சாமி, ஆளுக்கு ஒரு வாக்குத்தான். இடது கையை இறக்குங்கள்!

பொறுமையாகக் கேட்டவர்களுக்கு நன்றி. பொறுக்காமல் கேள்வி கேட்டவருக்கு இருமடங்கு நன்றி. வணக்கம்!