மறியல் கேட்டவர்

எழுவைதீவுக்குப் போகும் படகில் எனக்கு முன்னால் இருந்த மீனவர், "என்னை மறியலிலை போட்டிருக்கலாம்" என்றார். பக்கத்தில் பேக்கரியில் வாங்கிய பாண் பையோடு இருந்த பெண் திரும்பினாள்.

"என்ன அண்ணை, விசர்க்கதை? மீன்பிடி அனுமதி புதுப்பிக்காததுக்கு இனி மறியல், சிறை ஒண்டும் இல்லையாம், குற்றக்காசு மட்டும்தானாம். நல்லதுதானே?"

"ஓம். அதைக் கட்டும்வரைக்கும், பிடிச்சு வைச்ச என்ரை படகு எஞ்சினைத் தராயினமாம்."

"கடலுக்குப் போய் உழைச்சுக் கட்டுங்கோவன்."

"எஞ்சின் இல்லாமலோ?"

அவள் பாண் பையை மடிக்கு மாற்றினாள்.

"காத்துக்காலத்திலை படகு ஓடேல்லை, அதாலை புதுப்பிக்க வர ஏலாமல் போச்செண்டு சொன்னனீங்களோ?"

"ஆருக்குச் சொல்லுறது? முந்தியெண்டால் நீதவான் ஏனெண்டு கேப்பார். ஒருக்கா என்னை எச்சரிச்சு விட்டவர். இப்ப அலுவலகத்திலை கண்ணாடிக்குப் பின்னாலை இருக்கிற பிள்ளை காசை மட்டும்தான் கேக்குது."

அவர் மடியிலிருந்த தண்ட அறிவித்தலை எட்டிப் பார்த்தேன்: மேன்முறையீடு செய்யலாம். விண்ணப்பத்துடன், தண்டம் கட்டிய பற்றுச்சீட்டையும் இணைக்க வேண்டும்.

"அதுக்காக மறியலோ, அண்ணை?"

"மறியலெண்டால் விடுற நாளையாவது சொல்லுவினம், தங்கச்சி."

இறங்கும்போது அவள் ஒரு றாத்தல் பாணை எடுத்து நீட்டினாள். அவர் மறுக்கவில்லை.