மாடி வீட்டு ஷீட்

ஒரு எக்செல் ஃபைலில் ஷீட் பெருகிவிட்டால் அது ஃபைல் இல்லை ஐயா, பரண். எங்கள் ஆக்சிஜன் சிலிண்டர் கடையில் அப்படித்தான் ஆகியிருந்தது. வீட்டுக்கு ஒரு ஷீட். குணமானவர், வீடு மாறியவர், இறந்தவர் எல்லாரும் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். ஒரே வீட்டுக்கு "புதுசு", "ரொம்பப் புதுசு", "இதான் கடைசி" என்று வேறு. வண்டி ஓட்டும் தம்பி சொல்வான்: "அண்ணே, இது திறக்கறதுக்குள்ள நான் நாலு மாடி ஏறி இறங்கிடுவேன்."

நானே ஒழுங்குபடுத்த உட்கார்ந்தேன். இறந்தவர்களை ஒரே ஷீட்டில் சேர்த்தேன். இன்று சிலிண்டர் போக வேண்டிய வீட்டுக்குச் சிவப்பு, போய்ச் சேர்ந்ததற்குப் பச்சை. தம்பி காலையில் சிவப்பை மட்டும் பார்த்து ஏற்றுவான்.

அதில் 'மாடி வீடு' என்று ஒன்று. என் மனைவி. என்னை விட்டுத் தனியாகப் போய் இரண்டு மழைக்காலம் ஆயிற்று. நுரையீரல் கெட்டபோது எங்கள் கடைக்கே வந்தாள். வந்தாள் என்றால், தம்பியிடம் வந்தாள். என்னிடம் ஒரு வார்த்தை கிடையாது. தள்ளுபடி கொடுத்துப் பார்த்தேன், திருப்பி அனுப்பிவிட்டாள். பேரம் பேசிப் பிழைத்த வீட்டில் வளர்ந்தவன் நான். பேரமே பேசாத மனுஷியிடம் எப்படிப் பேச்சை ஆரம்பிப்பது?

அந்த ஷீட்டை நான் அழிக்கவில்லை. மறைத்து வைத்தேன், அவ்வளவுதான். சிலிண்டர் தீர்ந்தால் அவள் கூப்பிட்டாக வேண்டும். கடை போன் என் கையில்தான் இருக்கும்.

தம்பி கேட்கத்தான் செய்தான். "அண்ணே, அண்ணி வீட்டைக் காணோமே?"

"வேற கடையில வாங்கிக்கிறாங்களாம்."

"அடப்பாவமே. உங்க சண்டையில எனக்கு ஒரு டீ போச்சு."

அவனுக்கு அவள் டீ போட்டுக் கொடுப்பாள் என்பதே எனக்கு அன்றுதான் தெரியும். அவனைச் சிக்னல் கிடைக்காத மலைப்பாதை லோடுக்கு அனுப்பிவிட்டேன்.

நிறைத்த சிலிண்டர் ஒன்று என் காரிலேயே இருந்தது, அதையும் எழுதிக்கொள்ளுங்கள். அவள் கேட்டதும் நானே தூக்கிக்கொண்டு படியேறுவதாக இருந்தேன். சட்டைகூட மாற்றியிருந்தேன்.

மத்தியானம் கூப்பிட்டாள். திரையில் அவள் பெயரைப் பார்த்து எவ்வளவு நாளாயிற்று. நான் எடுக்கவில்லை. முதல் தடவை கேட்டதுமே இறங்கிவிட்டால் அப்புறம் நம் சரக்குக்கு மதிப்பேது? வேண்டுமென்றால் இன்னொரு தரம் கேட்கட்டும் என்று விட்டேன். இரண்டாவது தடவை எடுத்ததும் "சொல்லும்மா" என்று ஆரம்பிக்கலாம் என்று வாய்க்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

போன் அடிக்கவே இல்லை. சாயங்காலம் கீழ்வீட்டுக்காரர் கதவை உடைத்துப் பார்த்த பிறகுதான் எனக்கே சேதி வந்தது. சிலிண்டர் காலி. மூச்சும்.

நான்தான் கொன்றேன், மறுக்கவில்லை. ஆனால் ஒரே ஒரு தடவைதான் கூப்பிட்டாள், ஐயா. கடைசி வரைக்கும் அவ்வளவு பிடிவாதம்.